கடைசிச் சோப்பு வெளியேறும் வரை

சவ்வுக்குள் வாழும் புரதங்களைச் சிதையாமல் பிரித்தெடுத்து, செயற்கைக் கொழுப்புச் சவ்வில் சீராகக் குடியமர்த்தும் செம்மைக் கரங்களுக்குச் சொந்தக்காரரே, சீறினாலும் சிரிப்பில் முடிக்கும் சிநேகிதியே, செகெத் நகர் ஆய்வகத்தின் சிறப்பே, இன்று பணி ஓய்வு பெறும் டாக்டர் வாட்கெர்தி எதெல்கா அம்மையாரே, வணக்கம்.

உயிரணுவின் தோலான சவ்விலிருந்து ஒரு புரதத்தைக் கழற்றச் சோப்பு வேண்டும்; புது வீட்டில் அது வேலை செய்ய வேண்டுமானால் அந்தச் சோப்பு துளியும் இருக்கக் கூடாது; இருந்தால் புதுச் சவ்வே கிழிந்துவிடும். தங்கள் பணிக்காலம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. சோப்பை உறிஞ்சும் வெண்மணிகளை, மீன் சூப்புக்கு உப்புப் போடுவது போல, சிறுகச் சிறுகத் தூவுவதே தங்கள் முறை. யாராவது அவசரப்பட்டால், "மொத்தமா கொட்டாதீங்கடா. குளத்தை ஒரேயடியா இறைச்சா மீனு எங்க போகும்?" என்பீர்கள்.

தாங்கள் குடியமர்த்திய புரதங்கள், நோயாளிக்குத் தருமுன் மருந்தைச் சோதித்துப் பார்க்க இன்று பல ஊர் ஆய்வகங்களில் உதவுகின்றன. தாங்கள் பெரிதும் நேசித்த ஒன்று மட்டும் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது: காதுக்குள் ஒலி பட்டதும் திறக்கும் அந்தச் சின்னஞ்சிறு புரத வாயில். செயற்கைச் சவ்வில் அது ஒருமுறையாவது திறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு என்றீர்கள். உறைபெட்டியில் இரண்டு சோதனைக்கான புரதமே மிச்சமிருந்தது.

சென்ற வாரம் முதல் சோதனை. ஊசிமுனையளவு துளையின் குறுக்கே செயற்கைச் சவ்வைக் கட்டினீர்கள்; கிழிந்தது. மீண்டும் கட்டினீர்கள், மீண்டும் கிழிந்தது. தங்கள் கைகளையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு போல. கை நடுங்குது," என்றீர்கள்.

பக்கத்து மேசை பர்னபாஷ்தான் மெல்ல வாய் திறந்தார். "அக்கா, வழியனுப்பு விழாவுக்குப் போட்டோ எடுக்கணும்னு உங்க மேசையச் சுத்தம் பண்ணேன். குப்பியெல்லாம் கூடக் கழுவி வெச்சேன்."

"எதை வெச்சுடா கழுவின?"

"பாத்திரம் தேய்க்கிற சோப்புதான்."

"வேலைக்கு வந்த நாள்லேருந்து சோப்பை விரட்டிக்கிட்டே இருந்தேன். போற நேரத்துல நீயே அதைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிழை தங்கள் கையில் இல்லை என்ற நிம்மதியும் அந்தச் சிரிப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை வழக்கப்படி பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியைப் பங்கிட்டபோது, தலைகுனிந்து நின்ற பர்னபாஷுக்குத்தான் பெரிய துண்டும் நிறைய வெங்காயமும் கொடுத்தீர்கள். "மிச்சப் புரதம் இருக்கட்டும். அப்புறம் நீங்க பாத்துக்கோங்க," என்று மேலங்கியையும் கழற்றிவிட்டீர்கள்.

அம்மையாரே, அதை ஏற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து அத்தனை குப்பிகளையும் எரிசாராயத்திலும் தூய நீரிலும் மாற்றி மாற்றி அலசினோம். இன்று விடிந்ததிலிருந்து பர்னபாஷ் பக்கத்து அறையில் அந்த மிச்சப் புரதத்தில் மணிகளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக்கொண்டிருக்கிறார். இந்த விழாவில் ஆய்வக இயக்குநர் ஒரே உரையை இரண்டு முறை நிகழ்த்தியதும், இந்த மடலை நாங்கள் இவ்வளவு நீட்டி வாசிப்பதும் அதற்காகத்தான். கடைசிச் சோப்பு வெளியேறும் வரை தங்களை இந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

திஸா நதிக்கரையில் தினம் நடந்து, தங்கள் தோட்டத்துச் சீமை மாதுளைகள் கனியக் கண்டு, நோயின்றி, கவலையின்றி, நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். அந்த வாயில் இன்று திறக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் பர்னபாஷ் இப்போது கதவருகே வந்து தலையசைக்கிறார். பூங்கொத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். மேலங்கியும் கையுறையும் எடுத்து வைத்திருக்கிறோம். மற்ற வேலையெல்லாம் நாங்கள் செய்துவிட்டோம். சவ்வை மட்டும் யாரும் கட்டவில்லை. அதைத் தங்கள் கைதான் கட்ட வேண்டும்.

அந்தக் கைகளை என்றும் நம்பும்,
சவ்வு ஆய்வகத்தார்,
செகெத்.