தூண் இல்லாத தாலுக்கா ஆபீஸ்

சாமி கும்பிட்டுவிட்டுக் கீரமங்கலம் பஸ்ஸில், கையில் விபூதிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"நான் புதுப்பிச்சுக் கட்டுன தாலுக்கா ஆபீஸ்ல எனக்கே நெழல் இல்லைங்க" என்றார் பின்சீட்டுக் கொத்தனார்.

"மகாராசா காலத்துத் தாழ்வாரம் இருந்துச்சே?" என்றார் அவர் பக்கத்தில் இருந்த விவசாயி.

"புது மாடலுக்குத் தூணும் தாழ்வாரமும் எதுக்குன்னு இடிக்கச் சொன்னாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே இடிச்சேன். இப்பப் பெட்டி கணக்கா நிக்குது. நேத்து பட்டா மனுவோட வெயில்ல நின்னோம். எம்பொஞ்சாதி மயங்கி விழுந்துட்டா. தூரத்துப் புளியமரத்தடிக்குத் தூக்கிட்டுப் போனேன். அதுக்குள்ள சேவகர் வாசல்ல நின்னு மூணு தடவை பேரைக் கூப்பிட்டுட்டார். ஆள் இல்லைன்னு மனுவைத் தள்ளிட்டாங்க."

"அட முருகா! தாழ்வாரம் இருந்தா ஒக்காந்த எடத்துலயே கேட்டிருக்கும். இனி அங்கிட்டுப் போகாதீங்க."

"நாளைக்கே போறேங்க. நெழலுக்குச் சாய்ப்புக் கூரை எறக்கக் கூப்பிட்டிருக்காங்க."

"சனங்களுக்கா?"

"ஆபீசரோட ஜீப்புக்கு. வெயில்ல பெயிண்டு உரியுதாம்."