மச்சானின் ஸ்டார்ட்டர் மோட்டார்

மோரிஸ் மைனர் நல்ல கார், இன்ஸ்பெக்டர் மாத்தயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நடந்ததில் காரின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பிரேக்கைக்கூட யாரும் குறை சொல்ல முடியாது. மிதிப்பதற்கு உள்ளே ஓர் ஆள் இருந்திருந்தால் அது பிடித்திருக்கும்.

என் பெயர் கருணாதிலக. உடபெத்தவில் என்னைத் திலகே பாஸ் என்பார்கள். கைத்தொழில் தெரிந்தவன் எவனும் அங்கே பாஸ்தான். தச்சனும் பாஸ், கொத்தனும் பாஸ். நான் ஸ்டார்ட்டர் மோட்டார் பாஸ். கொழும்பில் பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே தொழில் பழகினேன். பிறகு நந்தாவதியைக் கட்டிக்கொண்டு, அவள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனேன். அவளுடைய அண்ணன் முதியன்சே, எனக்கும் அவர் அய்யேதான், தன்னுடைய கடை வரிசையில் எனக்கு ஓர் அறை ஒதுக்கித் தந்தார். வாடகை வேண்டாம் என்றார். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பலகை எழுதி மாட்டிய பிறகுதான் ஊரைச் சரியாகப் பார்த்தேன். உடபெத்தவில் ஒரு தேங்காயைத் தரையில் வைத்தால் அது வைத்த இடத்தில் இருக்காது. வீடு சரிவில், விகாரை சரிவில், சந்தை சரிவில். வண்டி வைத்திருக்கிற எல்லோரும் முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பித்தான் நிறுத்துவார்கள். காலையில் வந்து கிளச்சை மிதித்து உருளவிடுவார்கள். வளைவு வருவதற்குள் காலை எடுத்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். ஊரில் பாதி வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துப் பல காலம். அது செத்தது பலருக்குத் தெரியவே தெரியாது. கடலோரத்தில் உப்புக்கடை போட்டவனுடைய நிலைதான் எனக்கு.

இந்தப் பழக்கத்தை ஊருக்குக் கற்றுத் தந்தவர் முதியன்சே அய்யேதான். பதுளை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய வெளிர்பச்சை மோரிஸ் மைனரில் ஸ்டார்ட்டரும் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் இல்லை. முதல் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்து நிறுத்துவார். பல வருஷமாக அப்படித்தான் ஓட்டினார். அதில் அவருக்குப் பெருமை. நான் வெறுமனே உட்கார்ந்திருக்கிற அறையைக் கடக்கும்போதெல்லாம், "என்ன மச்சான், இன்னைக்காவது மோட்டாரு முட்டை போட்டுச்சா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். சிரிக்க வேண்டிய இடம்தான்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பஸ் நிற்கிற இடத்தில் மண்ணை வெட்டிச் சமதளமாக ஒரு வாகனத் தரிப்பிடம் அமைக்கலாம் என்று யோசனை சொன்னேன். நியாயமான யோசனை. சரிவில் நிறுத்துவது ஆபத்து என்றும் சொன்னேன். அது பிற்பாடு உண்மையாயிற்று. ஆனால் அன்றைக்கு முதியன்சே அய்யே எழுந்து, "என் மச்சான் மலையத் தட்டையாக்கச் சொல்றாரு. பாவம், ஒரு மோட்டாராவது தேறட்டுமேன்னு கேக்குறாரு. ஆளுக்கொரு மம்பட்டி எடுத்துட்டு வாங்கப்பா," என்றார். கூட்டம் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் ஊருக்கு வேறு எதையும் பேசும் தெம்பு இல்லை, அவ்வளவு சிரித்துவிட்டார்கள்.

காசு வாங்காமல் உங்கள் ஸ்டார்ட்டரைச் சரி செய்து தருகிறேன் என்று அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வேலை செய்யிற சாமானை வச்சிக்கிட்டு நான் சனத்துக்கு என்னத்தக் காட்டுறது?" என்பார்.

அவர் காட்டியது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும்போது, பியசிரியின் தேநீர்க்கடை முன்னால், சந்தைத் தெருவின் உச்சியில் கார் நிற்கும். அவர் அவித்த சோளக்கதிர் ஒன்றை வாங்கிக்கொண்டு என்ஜினை மூடும் பானட்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்காருவார். என்னைக் கூப்பிட்டு, சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பச் சொல்வார். நான் திருப்புவேன். பல்லி சொல்வது போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். "கேட்டீங்களா? பஞ்சிகாவத்தையில படிச்ச கை," என்பார். சிரித்து ஓய்ந்ததும் இறங்குவார், கல்லைக் காலால் தள்ளுவார், உள்ளே ஏறி உருட்டிக்கொண்டு போவார். கீழ் வளைவில் என்ஜின் உறுமும். சனம் கை தட்டும்.

ஏன் ஒவ்வொரு வாரமும் திருப்பினாய் என்று கேட்கிறீர்கள். அழைத்தார், போனேன். வாடகை வாங்காதவர் கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது?

ஒரு ஞாயிறு நந்தாவதி கூடையோடு அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். பல்லி சொல்லிற்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண் பார்க்கப் போன அன்று அப்படிச் சிரித்தாள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். நான் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய்க் கட்டைச் சம்பலோடு ரொட்டி சாப்பிட்டேன். வழக்கத்தைவிட இரண்டு ரொட்டி அதிகமாகவே சாப்பிட்டேன் என்று அவளே உங்களிடம் சொல்வாள்.

பிறகு முதியன்சே அய்யே ஊராரோடு பஸ் பிடித்துக் கதிர்காமம் போனார். கார் என் அறை முன்னால் நின்றது. சாவி வீட்டில் ஆணியில் தொங்கியது. நான் எதையும் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில், பாய் விரித்துப் படுத்துக்கொண்டு செய்தேன். பியசிரி தேநீர் கொண்டுவந்து கொடுத்துக் குனிந்து பார்த்தார். "என்ன பாஸ், செத்ததுக்கு வைத்தியமா?" என்றார். துடைத்து வைக்கிறேன் என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். என்னைப் பார்த்து யாரும் எதையும் சந்தேகப்படுவதில்லை.

முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்பேனரை உள்ளே விட்டால் பொறி பறக்கும். பிறகு மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள். மேலே இருந்தது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, பொறுத்திருந்து, மெல்ல மெல்ல அசைத்துக் கழற்றினேன். மோட்டாரை மேசையில் இடுக்கியில் பிடித்து, என் பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு முனகல் வந்தது. மாத்தயா, அந்த முனகலைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது சாகவே இல்லை. இத்தனை வருஷமாகச் செத்தது செத்தது என்று சொல்லிச் சொல்லி, எல்லோரும் பார்த்துச் சிரிக்க விட்டிருக்கிறார்கள்.

பிரித்தேன். கார்பன் பிரஷ்கள் விரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. புதியவற்றைப் பற்றவைத்தேன். பிரஷ் உரசுகிற செப்பு வளையம் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். தண்டைத் தாங்கும் தேய்ந்த புஷ்களை மாற்றினேன். முன்னால் பாய்ந்து என்ஜின் சக்கரத்தைக் கவ்வ வேண்டிய சின்னப் பல்சக்கரம் துருவில் சிக்கிக் கிடந்தது. அதைக் கழுவிக் காய வைத்தேன். அதற்கு எண்ணெய் போடக் கூடாது, தூசி ஒட்டும். மறுபடி வயரைத் தொட்டபோது மோட்டார் இடுக்கியோடு மேசையையே உலுக்கிவிட்டது.

எந்த நேரத்தில் எண்ணம் தோன்றியது என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அந்தப் பல்சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் வெறும் வேலைதான். அதற்குப் பின்னாலும் வேலையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவருடைய பேட்டரி பழசு. இவ்வளவு நல்ல மோட்டாரை அது இழுக்குமா என்று சந்தேகமாக இருந்தது. ஆகவே மோட்டாரை மறுபடி காரில் மாட்டியதும் என்னிடமிருந்த புதுப் பேட்டரியைப் பூட்டிக் கொடுத்தேன். ஒருவரைக் கெடுக்க நினைக்கிறவன் அவருக்குப் புதுப் பேட்டரி கொடுப்பானா?

கதிர்காமத்திலிருந்து வந்தவர் எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் தொதல் அல்வா கொண்டுவந்தார். "எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு மட்டும் முந்திரி போட்டது, மச்சான்," என்றார். நன்றாக இருந்தது. கார் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். வாயில் தொதல் இருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நிரம்பி வழிந்தது. அய்யே வழக்கம்போல உருட்டியே என்ஜினைப் பிடிக்க வைத்து, காரை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, சோளக்கதிர் வாங்கி, பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். நந்தாவதி வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

போகிற வழியில் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். கல் அப்படி அழுத்திக்கொண்டிருந்தால் டயருக்கு நல்லதில்லை. பிறகு சன்னல் வழியாகக் கையை விட்டு, கியர்த் தண்டைத் தொட்டுப் பார்த்தேன். தொழில் படித்தவன் எவனும் சாவியைத் தொடுமுன் அதைச் செய்வான். பஞ்சிகாவத்தையில் இதற்காக என்னை அடித்தே பழக்கியிருக்கிறார்கள். வண்டி கியரில் நிற்கும்போது ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அது வண்டியையே தள்ளிக்கொண்டு போகும். தொட்டுப் பார்த்தேன். முதல் கியரில் இருந்தது. சந்தேகம் இருக்கக் கூடாதென்று இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தேன்.

"திருப்பு மச்சான், சனம் காத்துக்கிட்டிருக்கு," என்றார் அய்யே, வாயில் சோளத்தோடு.

"திருப்பட்டுமா, அய்யே?" என்று கேட்டேன். அதற்குச் சாட்சி இருக்கிறது. பியசிரி கேட்டார்.

"திருப்புப்பா."

முதல் திருப்பிலேயே பிடித்தது, மாத்தயா. ஒரு இருமல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கார் என் கையை மெல்ல உதறிவிட்டுக் கிளம்பியது.

அடுத்து நடந்ததைப் பற்றி ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அய்யே இறங்கவில்லை. சம்மணம் போட்டிருந்ததால் சட்டென்று இறங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். தன் காரில் ஸ்டார்ட்டர் வேலை செய்கிறது என்பதை அவரால் நம்பவும் முடியவில்லை. அவர் சரிவைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டு போனார். லீக்ஸ் கட்டுகள் அடுக்கிய தட்டைச் சாய்த்துக்கொண்டு, முட்டைக்கோவாக் குவியல்களுக்கு நடுவில் கார் நேராக இறங்கியது. சனம் விலகி வழிவிட்டது. புதுசாக ஏதோ காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையசைத்தார்கள். அவரும் ஒரு கையைத் தூக்கினார், சோளக்கதிர் பிடித்த கையை. வளைவில் வழக்கமாகத் திரும்புகிற கார் அன்றைக்குத் திரும்பவில்லை. சனம் கை தட்டியது. வளைவுக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வர அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. அதையும் எனக்கு எதிராகச் சொல்கிறார்கள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து, சற்று நேரம், என்ஜின் ஓடுகிற சத்தம் தெளிவாக வந்தது.

நந்தாவதி ஒரு தடவை இங்கே சோற்றுப் பார்சலோடு வந்தாள். உங்கள் கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார். "அண்ணன் மேல உக்காந்திருக்காருன்னு தெரிஞ்சுதானே திருப்புனீங்க?" என்று கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை. "மோட்டாரு நல்லா இருந்துச்சு, நந்தா. நீயே கேட்டியே," என்றேன். அவள் பார்சலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அதிர்ச்சி. கொஞ்ச நாளில் புரிந்துகொள்வாள்.

ஊரில் இப்போது யாரும் சரிவில் நிறுத்துவதில்லையாம். பஸ் நிற்கிற இடத்தில் மண் வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். பியசிரி தன் வேனின் ஸ்டார்ட்டரைக் காட்ட யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டனுப்பியிருக்கிறார். என்ன இருந்தாலும் பழகிய மனிதர். உங்கள் ஸ்டேஷன் ஜீப்பைக்கூட நேற்று கான்ஸ்டபிள்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னை வெளியே அழைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிரஷ்தான். மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இனி தள்ள வேண்டாம்.

நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் ஒரு சொல் தவறு. "கருணாதிலகவாகிய நான் முதியன்சேயின் காரிலிருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கெடுத்து, அதன்மூலம் வேண்டுமென்றே அவரைக் கொலை செய்தேன்" என்று இருக்கிறது. வேண்டுமென்றே என்பதும் கொலை என்பதும் அப்படியே இருக்கட்டும். 'கெடுத்து' என்பதை மட்டும் அடித்துவிட்டுப் 'பழுது பார்த்து' என்று எழுதுங்கள், மாத்தயா. நான்கு பேர் வாசிக்கிற காகிதம். எனக்கென்று இருப்பது அந்த ஒரு பெயர்தான்.