கார்ரன் முனை கேட்

— அந்தக் கெட்டிலை எத்தனை தடவைதான் தூக்கித் தூக்கி வைப்பே, ப்ரீஷா? கொஞ்சம் உக்காரு.

— நீ உக்காரு, ஓரி அண்ணே. உனக்கென்ன, ஆட்டுக்குப் புல்லு கிடைச்சா உன் கவலை முடிஞ்சது. நான் வீட்டுல ஆளுங்களைத் தங்க வச்சிருக்கேன்.

— நடக்கப் போனவங்க நடந்து முடிச்சிட்டு வருவாங்க. அதுக்கு இத்தனை அமர்க்களமா?

— டீக்கு வந்திடுவோம்னு அந்த அம்மா சொல்லிட்டுப் போச்சு. அவங்களுக்காகப் பொன்னக் ரொட்டி சுட்டேன். ஆறிப்போச்சு. திரும்பச் சூடு பண்ணேன். அதுவும் ஆறிப்போச்சு. ஜன்னலைப் பாரு. நம்ம கொட்டகையே கண்ணுக்குத் தெரியல.

— நம்ம கடல்சாமி மனன்னான் கடல்லேருந்து பனிப் போர்வையை இழுத்து விட்டுட்டான். இந்தத் தீவுல இது என்ன புதுசா? எங்கேயாவது மதில் மறைவுல உக்காந்து, மூடுபனி விலகட்டும்னு இருப்பாங்க ரெண்டு பேரும்.

— விலகுற பனியா இது? சொல்றேன் கேளு, எனக்குக் காலையிலயே மனசு சரியில்ல. சாப்பிட உக்காந்தப்போ டென்பி ஐயா சொல்றாரு, ராத்திரி பரண்ல எலி ஓடுச்சாம்.

— அபசகுனமாச்சே, அந்தப் பேரை வீட்டுக்குள்ளயே சொன்னாரா?

— வாய் நிறைய. நீளவால்னு சொல்லுங்க ஐயான்னு நான் தோஷம் கழிய மேசைக் கட்டையைத் தட்டுறேன், அவர் சிரிக்கிறாரு. அந்த அம்மாதான் பாவம், மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லி அதுவும் கூடவே தட்டுச்சு. எது சொன்னாலும் மதிக்கிற ஆளு. குளியலறையில நான் ஒட்டின சீட்டு இருக்கே, அதைக்கூட நின்னு படிச்சிட்டு, அதன்படியே துண்டை மடிச்சு வச்சிருக்கு. இத்தனை வருஷத்துல அந்தச் சீட்டைப் படிச்ச முதல் ஆளு அதுதான்.

— ஐயா எப்படி?

— ஐயாவுக்கு மீன்ல முள்ளு எடுக்கவே நேரம் சரியா இருந்துச்சு. நான் பாட்டுக்கு வழி சொல்லிக்கிட்டிருக்கேன், அவர் காதுல ஒரு சொல்லு ஏறல.

— எந்த வழி சொன்னே?

— எல்லாருக்கும் சொல்றதுதான். கடலோரமாவே போய், கார்ரன் முனையைச் சுத்தி, மணல் கரைக்கு இறங்கி, அங்கேருந்து பழைய தேவாலயத்துப் பக்கமா வயல் வழியே வீடு. கப்பல் ஏறி வர்றவங்க அந்த ஒரு நடைக்காகத்தானே வர்றாங்க. முனை பூரா நீலப்பூ வேற. அந்த அம்மா அதோட படத்தை எப்பவோ வெட்டி வீட்டுல ஒட்டி வச்சிருக்காம். ரொம்ப நாள் ஆசைன்னு சொல்லுச்சு.

— முனையைச் சுத்தியா? அங்கதான் மழையில பாதை சரிஞ்சு கிடக்கே.

— எனக்குத் தெரியாதா? உள்ளே தள்ளிப் புதுப்பாதை வெட்டிக்கிட்டிருக்கோம், இப்போ முடிஞ்சிடும் அப்போ முடிஞ்சிடும்னு சொல்றாங்க. முடிஞ்சுதா இல்லையான்னு நான் போயா பார்க்க முடியும்? அதனாலதான் அவங்ககிட்ட சொன்னேன். முனைக்குப் போற கேட்ல எச்சரிக்கைப் பலகை இருந்தா, உள்ள போகாதீங்க, மதில் ஓரமா மேலே ஏறிச் சுத்தி வாங்க. பலகை இல்லைன்னா பாதை சரியாயிடுச்சுன்னு அர்த்தம், தைரியமா நடங்கன்னு. வேலை முடியாம பலகையைக் கழட்ட மாட்டாங்கல்ல?

— மாட்டாங்க.

— பலகை இருந்தா அந்த அம்மா கண்ணுக்குத் தப்பாது. அப்புறம் ஏன் நீ முகத்தை அப்படி வச்சிருக்கே?

— எப்படி வச்சிருக்கேன்? குளிரு.

— மீட்புப் படையைக் கூப்பிட்டுடறேன்.

— இரு, இரு. போன தடவை இப்படித்தான் கூப்பிட்டே. படகு என்ன, கயிறு என்ன, பாதித் தீவு மலைமேல நின்னுச்சு. தொலைஞ்சு போன ரெண்டு பேரும் மதுக்கடையில உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாங்க. இன்னமும் சந்தைக்குப் போனா, உன் தங்கச்சி இன்னைக்கு யாரைத் தொலைச்சான்னுதான் என்னைக் கேக்குறானுங்க.

— கேக்கட்டும்.

— அவங்க எப்போ கிளம்பினாங்க, ப்ரீஷா?

— நீ ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனதுக்கு அப்புறம்தான். உன் நாய் பின்தங்கி வாசல்ல நின்னுச்சே, அந்த அம்மா அதுக்கு பிஸ்கட் போட்டுட்டுக் கிளம்புச்சு.

— எனக்கு அப்புறமா?

— ஆமா. ஏன்?

— ஒண்ணுமில்ல.

— அண்ணே, ஆட்டை எங்க ஓட்டினே?

— வயல்ல ஒரு புல்லு இல்லம்மா. குட்டி போட்ட ஆடுங்க. பால் வத்திக்கிட்டே போகுது. முனையில பச்சைப் பசேல்னு கிடக்கு.

— சரி. முனையில விட்டே. விட்டுட்டுக் கேட்டை மூடினியா?

— மூடினா எப்படி? பாதிக் குட்டி இந்தப் பக்கம் நிக்குது, தாயி அந்தப் பக்கம் போயிடுச்சு. போக வர இருக்கணும்ல. அகலத் திறந்து, நம்ம பக்கமா இழுத்து, மதிலோட ஒட்ட வச்சுக் கொக்கியை மாட்டிட்டேன்.

— மதிலோட ஒட்ட வச்சா பலகை என்ன ஆச்சு?

— பலகைக்கு என்ன? ஆணி அடிச்சது. கேட்லதான் இருக்கு.

— எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?

— கல்லைப் பார்த்து.

— ஐயோ, அண்ணே.

— நான் பலகையை நினைக்கவே இல்ல, ப்ரீஷா. எப்பவும் பார்க்கிற கேட், எப்பவும் மாட்டுற கொக்கி. கை பாட்டுக்கு மாட்டிடுச்சு.

— பலகை இல்லைன்னா தைரியமா நடங்கன்னு என் வாயால சொல்லி அனுப்பினேன்.

— யாராச்சும் மூடிட்டுப் போயிருப்பாங்க. வேற யாராச்சும் அந்தப் பக்கம் போயிருப்பாங்க.

— யார் மூடுவா? நீதானே இங்க வந்து தொண்டை கிழியக் கத்தினே? ஈஸ்டருக்கு வந்தவங்க கேட்டை மூடிட்டுப் போய், குட்டி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமுமா விடிய விடியக் கதறுச்சுன்னு. திறந்திருந்தா திறந்தே விடணும், மூடியிருந்தா மூடியே விடணும், உன் வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லி வைன்னு. அன்னையிலேருந்து யார் வந்தாலும் நான் அதைத்தான் முதல்ல சொல்றேன். இன்னைக்கும் சொன்னேன். மறந்துடக் கூடாதேன்னு அந்த அம்மா ரெண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கிச்சு.

— எல்லாப் பண்ணையிலயும் அதானே வழக்கம். நானா உண்டாக்கினேன்?

— வழக்கத்தை விடு. அந்தச் சரிஞ்ச இடம் இப்போ எப்படி இருக்கு? மறைக்காமச் சொல்லு.

— நேத்துப் போய்க் கம்பை ஊனிப் பார்த்தேன். பார்வைக்கு ஒண்ணும் தெரியல. மேல புல்லு இருக்கு, பூ இருக்கு, பாதை நேராப் போற மாதிரிதான் இருக்கு. அடியில மண்ணு கிடையாது. கம்பு அது பாட்டுக்கு இறங்கிடுச்சு.

— நேத்து அதைப் பார்த்துட்டு இன்னைக்குக் கேட்டைத் திறந்து விட்டியா?

— ஆட்டுக்குத் தெரியும்டி, எங்க கால் வைக்கணும்னு. நான் ஆட்டைத்தான் நினைச்சேன். மனுஷங்களை நினைக்கல.

— இந்தப் பனியில, அந்தப் பூவைப் பார்த்துக்கிட்டே போனாங்கன்னா...

— சொல்லாதே.

— போனை எடு, அண்ணே. நீயே பேசு. இன்னைக்குத் தீவு முழுக்கச் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

— எடுத்துட்டேன். கொட்டகையில கயிறு இருக்கு, கொண்டா. பெரிய விளக்கையும் எடு. கடல்லேருந்து மீட்புப் படை வரட்டும், நான் மேலேருந்து இறங்குறேன்.

— நீ இறங்கினா உன்னை யார் தூக்குறது?

— பேசாதே, போன்ல மணி அடிக்குது. இரு. வாசல்ல காலடிச் சத்தம் கேக்குதா?

— உன் நாயா இருக்கும்.

— நாய் மேசைக்கு அடியில இருக்கு. வாலை ஆட்டுது பாரு.

— உள்ள வரலாமாங்க? ஒரே சேறு. பூட்ஸை வாசல்லயே கழட்டிட்டேன்.

— டென்பி ஐயா. வாங்க, வாங்க. அண்ணே, போனை வை. வச்சிடு.

— வச்சிட்டேன்.

— ரொம்ப நேரமாக்கிட்டேன், மன்னிக்கணும். முழங்கால் பாதியில மக்கர் பண்ணிடுச்சு. மதிலைப் பிடிச்சுக்கிட்டே மேல் வழியா ஏறினேன். தேவாலயத்துக்கிட்ட வழி தப்பி, யாரோ ஒருத்தரோட கிழங்கு வயலை மிதிச்சே பாழாக்கிட்டேன்.

— என் வயல்தான் ஐயா அது. போனாப் போகுது. மேல் வழியாவா வந்தீங்க? முனைக்குப் போகலையா?

— எப்படிங்க போறது? அதான் பாதை இடிஞ்சிருக்குன்னு கேட்ல பெருசா பலகை போட்டிருக்கே.

— அந்தப் பலகை உங்களுக்குத் தெரிஞ்சுதா?

— கேட்டை மூடின பிறகுதான் தெரிஞ்சுது. யாரோ பொறுப்பில்லாம அகலத் திறந்து போட்டுட்டுப் போயிருந்தாங்க. ரெண்டு ஆடு குட்டியோட வண்டிப்பாதைக்கு வந்துக்கிட்டிருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச மாதிரி விரட்டி உள்ள அனுப்பிட்டு, கொக்கியைக் கழட்டி மூடினேன். மூடினா, மூக்குக்கு நேரா பலகை. ஏங்க, இப்படிப் பார்க்குறீங்க? மூடியிருக்கக் கூடாதா?

— ஐயா, இந்தத் தீவுல இருக்கிற எல்லாக் கேட்டையும் நீங்க மூடிக்கலாம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

— அவரைப் பார்க்காதீங்க, அவருக்குக் கண்ணுல புகை போயிடுச்சு. நீங்க அடுப்புப் பக்கம் உக்காருங்க. நான் காலையில சொன்னது எதுவும் உங்க காதுல விழலையேன்னு மனசுக்குள்ள திட்டினேன். விழாம இருந்ததே நல்லதாப் போச்சு.

— எதைச் சொன்னீங்க?

— அது இப்போ எதுக்கு? ரொட்டிக்கு வெண்ணெய் நிறையத் தடவட்டுமா? அம்மாவையும் உள்ள கூப்பிடுங்க. வாசல்ல நின்னு பூட்ஸோட என்ன மல்லுக்கட்டுறாங்க, சேறு ஒட்டினா நான் துடைச்சுக்கிறேன்.

— லோர்னாவா? அவ மாடியில இல்லையா? நான் முழங்கால் வலின்னு ஒரு கல்லுமேல உக்காந்துட்டேன், அவ எனக்கு முன்னாடியே கேட் பக்கமா நடந்துட்டா. அதுக்கப்புறம்தான் யாரோ கேட்டைத் திறந்து போட்டிருக்கணும். வழியில எந்தப் பலகையைப் பார்த்தாலும் நின்னு படிக்காம நகர மாட்டாளேங்க, இதைப் படிச்சிட்டு அப்பவே மேல் வழியாத் திரும்பி வந்திருப்பாளே.