இஸ்திரி கிட்டார்

மைக் செட்காரனுக்கு மழையைவிடப் பனிதான் பெரிய எதிரி. மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம். பனி சொல்லாமல் உள்ளே வரும். ஸ்பீக்கரில் இருக்கிற பேப்பர் அப்பளம் மாதிரி நமத்துவிடும். அதற்குப் பிறகு யார் பாடினாலும் மூக்கடைத்தவன் பாடுவது போலத்தான் இருக்கும். அதனால் மெல்வின் தொரை வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றை எப்போதும் எரியவிட்டிருந்தேன். நேற்று சோதனைக்கு வந்த உங்கள் ஆட்கள் அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முடிந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள் மேடம். கிட்டாரும் அந்த அறையில்தான் இருக்கிறது.

நாலு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

என் பெயர் ஜீவானந்தம். வயது நாற்பத்தாறு. ஏற்காட்டு மலையில் நாகலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, எது நடந்தாலும் மஞ்சக்குட்டை வரைக்கும் என் பெட்டிதான் போகும். எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கே அது தெரியும்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் ஓர் எஸ்டேட் கல்யாணத்தில் மெல்வின் தொரை வாசிப்பதை முதலில் கேட்டேன். மாதா கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிட்டாரை மற்றவர்களைப் போல நெஞ்சோடு அணைக்காமல் மடியில் படுக்க வைத்திருந்தார். இடது கையில் ஓர் உருளை இரும்புத் துண்டு. அதைத் தந்தி மேல் வைத்து இழுத்தார். இந்த வகையில் காலால் மிதித்து ஒலியை வளைக்கிற கிட்டாரும் இருக்கிறதாம். இவருடையதில் மிதிகட்டை கிடையாது. வளைவு, குழைவு எல்லாமே அந்த இடது கையில்தான்.

பந்தி போட்டுக்கொண்டிருந்த வேடியப்பன் கத்தினான். "ஏனுங்கப்பா, இங்க வந்து பாருங்க. தொரை கிட்டாருக்கு இஸ்திரி போடுறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். தொரையும் சிரித்தார். "கரெக்ட் மேன். ஆனா சுருக்கம் போகாம தேய்க்கணும். அதான் கஷ்டம்" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் அவர் இஸ்திரி தொரை. அந்த வார்த்தையை நான் மட்டும் மறக்கவில்லை. சுருக்கம் போகாமல் தேய்க்க வேண்டும்.

அவர் ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சின் ஓட்டிய ஆங்கிலோ இந்தியர். நாற்பது வருடம் ரயில்வேக்காரர்களின் நடன விழாக்களில் கண்ட்ரி மியூசிக் வாசித்திருக்கிறார். ரயில், குதிரை, விட்டுப்போன பொம்பளை, இவைதான் அந்தப் பாட்டுகளின் சங்கதி என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இங்கிலீஷ் வராது. அவர் பாட மாட்டார், வாசிப்பதோடு சரி. அதனால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியதில்லை. என் கை வயர் முறுக்குகிற கை. கேட்டால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிட்டேன். அவர் சம்சாரம் இறந்த பிறகு அவரைப் பார்த்துக்கொண்டது நானும் சமையலுக்கு வரும் குப்பாயி அக்காவும்தான். மகள் ஆஷ்லின் சேலத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார்.

தொரை சொந்தமாக ஒரு மெட்டு வைத்திருந்தார். பெயர் 'இருபது கொண்டை ஊசி'. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற இருபது வளைவுக்கும் இருபது இழுப்பு. ஒவ்வொரு வளைவுக்கும் இரும்பு ஒரு படி மேலே ஏறும். இருபதாவதில் ஏரி தெரிகிற மாதிரி ஒலி விரிய வேண்டும். வயதாகிவிட்டதால் பன்னிரண்டு, பதின்மூன்றோடு நிறுத்திவிடுவார். "மிச்சத்துக்கு பஸ்ல போயிக்க மேன்" என்பார். முழுசாக ஒரு தடவை பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த வாக்குமூலத்தில் வருகிற எல்லாமே அந்த ஓர் ஆசைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு இடது கை நடுங்க ஆரம்பித்தது. சேலத்தில் காட்டினோம். பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். தினமும் மூன்று வேளை மாத்திரை எழுதினார். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவது தொரையால் முடியாது என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பஸ்ஸில் ஏறும்போது ஆஷ்லின் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஜீவாண்ணா, மாத்திரை மட்டும் விட்டுடாதீங்க. திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் நொம்பக் கண்டிச்சுச் சொன்னாருங்க."

"நான் இருக்கேனுங்க டீச்சர்" என்றேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. ஒரு மாதத்தில் கை நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு நாள் காலையில் வாசலிலேயே என்னை நிறுத்தி, "பாரு மேன், சட்டைப் பட்டன் அஞ்சும் நானே போட்டேன்" என்று காட்டினார். டீயைச் சிந்தாமல் குடித்தார். குப்பாயி அக்கா மாரியம்மனுக்கு விளக்குப் போட்டார்.

அன்று சாயங்காலம் வாசித்தார். ஒலி சரியாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. சுருக்கம் எல்லாம் போய்விட்டது.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார்.

அடுத்த ஐப்பசியில் மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது. ஏற்காட்டுக் கடைகளிலும் இல்லை. இதில் என் தப்பு எதுவும் கிடையாது, விசாரித்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் அவர் கை ஆடியது. கவலையை மறக்கக் கிட்டாரை எடுத்தார். இரும்பைத் தந்தி மேல் வைத்ததும் அந்த நடுக்கம் கையிலிருந்து இரும்புக்கும், இரும்பிலிருந்து ஒலிக்கும் போனது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மேடம். இருபத்தைந்து வருடமாக நானும் மெஷினில் எக்கோவைக் கூட்டியும் குறைத்தும் ஒலியை உயிரோடு வைக்கப் பார்க்கிறேன். எந்த மெஷினிலும் அது இல்லை. பதினேழாவது வளைவு வரை போனார்.

பஸ் விட்டதும் மாத்திரை வந்தது. கொடுத்தேன். கை நின்றது. அந்த ஒலியும் நின்றது.

அதன் பிறகு பதிவு செய்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் மாத்திரையை நிறுத்தினேன். அதே மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து மாத்திரை கிடைக்கிறது, அதைக் கொடுத்தேன். அவருக்குக் கண் மங்கல், வித்தியாசம் தெரியாது. ஒரிஜினல் மாத்திரைகளைப் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். வீசி எறிய மனம் வரவில்லை. அவருக்குச் சொந்தமான பொருள்.

பிறகு இரண்டு நாள் நாலு நாளானது. நடுக்கம் ஊற ஊறத்தான் ஒலி கனிந்தது.

குப்பாயி அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. "ஏஞ்சாமி, தொரைக்கு மாத்திரை குடுத்தியா இல்லியா? கையி மறுக்கா ஆடுது. களிய மூணு உருண்டைக்கு மேல முழுங்க முடியல."

"குடுத்தாச்சுங்க அக்கா. நோய் முத்துதுங்க."

"உன்ற மைக்குக்குக் காது மட்டுந்தான் சாமி இருக்குது. கண்ணு இல்ல."

அந்த அக்கா நல்ல மனுஷி. அவரை விசாரணைக்கு அலைய வைக்க வேண்டாம்.

மைக் செட்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைப் பதிவு செய்தாலும் முதலில் இடம், தேதி, செட்டிங் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுவோம். அடுத்த முறை அதே ஒலி வேண்டுமென்றால் அதைக் கேட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம். நானும் சொன்னேன். "ஹலோ, மைக் டெஸ்டிங். நாகலூர், தொரை வீடு. பேஸ் நாலு. எக்கோ இல்லை. மாத்திரை இல்லை, இரண்டாம் நாள்." அவருக்குக் காதும் கொஞ்சம் மந்தம். நான் மைக்குக்குள் முணுமுணுப்பது கேட்காது.

போன கார்த்திகையில் ஆஷ்லின் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. இரண்டு ஞாயிறு வர முடியவில்லை. அந்த வியாழக்கிழமை, மாத்திரை நிறுத்திய பதினோராம் நாள். மணி நாலு. பனி இல்லாத நல்ல வெளிச்சம்.

"இன்னிக்கி வேணாம் மேன் ஜீவா. உடம்பு சுடுது" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. தோள் பலகை மாதிரி விறைத்திருந்தது.

"ஒரே ஒரு தடவைங்க தொரை."

"நீ கேட்டு நான் என்னிக்கி மேன் இல்லேன்னேன்?"

தந்தி மீட்ட வலது கை விரலில் மாட்டுகிற நகங்களை நான்தான் மாட்டிவிட்டேன். இரும்பைக் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டேன். கிட்டாரை மடியில் வைத்தேன். செட்டிங்கைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். எப்போதும் அப்படித்தான், பொறுமை கிடையாது.

ஒவ்வொரு வளைவாக ஏறினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். பதினெட்டு தாண்டியபோது அவருக்கு எச்சில் புரையேறியது. ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம். சொம்பு பக்கத்தில்தான் இருந்தது. எழுந்தால் பலகைத் தரை கிறீச்சிடும். அவரும் நிறுத்தவில்லை. இருபதுக்கு வந்தார். ஏரி தெரிந்தது.

இரும்பு தந்தி மேலேயே நின்றுவிட்டது. அவர் கை பூட்டிக்கொண்டுவிட்டது. தலை சாய்ந்தது. ஒலி மட்டும் மெதுவாக அடங்கிக்கொண்டிருந்தது. முழுசாக அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு பதிவை நிறுத்திவிட்டு ஜீப் கூப்பிட ஓடினேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா? தெரிஞ்சா உடனே சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி வைத்தியம் பாக்கணும்" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னால் ஆஷ்லின் டீச்சர் சொன்னார்: "எங்க ஜீவாண்ணன் ஒரு வேளைகூட விட மாட்டாருங்க டாக்டர்."

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். இரண்டு நாள் கழித்து தொரை போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில், முப்பத்தொன்பது பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். என் குரலை வெட்டியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் நான் பேசும்போதே அவர் ஆரம்பித்துவிடுகிறார். என்னை வெட்டினால் அவருடைய முதல் இழுப்பும் போய்விடும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். "அண்ணா, 'மாத்திரை இல்லை'ன்னா என்னங்கண்ணா அர்த்தம்?" என்று கேட்டார்.

"அது செட்டிங்குங்க டீச்சர்" என்றேன்.

அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தியது நான். நிறுத்தினால் உயிர் போகும் என்று தெரிந்தே நிறுத்தினேன். டாக்டர் கேட்டபோது மறைத்ததும் நான். அவரை இந்த ஊரில் என்னைவிட மதித்தவர்கள் யாரும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கோர்ட்டில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுவீர்கள் என்று ஏட்டையா சொன்னார். தயவுசெய்து செல்போனில் போடாதீர்கள். என் கடையில் பெரிய பெட்டி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் பல்பு எரிந்து பேப்பர் காய்ந்த பிறகு போடுங்கள். பேஸ் நாலுக்கு மேல் வேண்டாம். பத்தொன்பதாவது வளைவில் யாரோ புரையேறித் திணறுகிற சத்தம் குறுக்கே விழும். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

அது என் தப்புதான்.