கவிழ்த்த பரிசல்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், பொழுது சாய்கிற நேரம். வெள்ளைக்காரன் காலம். என் பக்கத்து வீட்டுச் சுப்பண்ணனின் சித்தப்பா அர்த்தனாரி குடும்பத்தில் நடந்தது இது.

காளப்பநாயக்கன்பட்டிக்காரர். மூத்த சம்சாரம் பாப்பாயி காய்ச்சலில் போனாள். அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்… கொல்லிமலை ஏறி, வாசலூர்பட்டி ஏரியில் பரிசலில் போக வேண்டும். அவர் தள்ளிப்போட்டே வந்தார். அந்தக் குறை உறுத்தியதோ என்னவோ, இளையவளை அங்கே கூட்டிவந்தார்.

இளையவள் அம்சவேணி. இரண்டாந்தாரமாக வருகிறவள் மூத்தவள் பேரில் ஒரு தங்கப் பொட்டைத் தாலியோடு கோத்துக்கொள்வது வழக்கம். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். செத்தவளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? அவளுக்குப் புருஷன் முழுசாக வேண்டும்.

ஏரியைக் கடந்து, அதில் விழும் ஆற்றில் மேல்முகமாகப் போனார்கள். ஒரு கோயில் பார்த்தார்கள். மிளகுக்கொடி படர்ந்த பலாமரத்தடியில் இறங்கிச் சாப்பிட்டார்கள். மறுபடி ஏறியதும் பரிசல்காரன் கருப்பண்ணன் சிரித்தான்.

"பரிசல் அம்மிணி பக்கமே சாயுதுங்க."

"எங்கூட்டுக்காரரு வயித்தப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அர்த்தனாரியும் சிரித்தார். அதற்குமேல் ஆள் அரவம் இல்லை. துடுப்பு மட்டும்… தளக்… தளக்…

மழை பிடித்துக்கொண்டது. கரையோர மணல்திட்டில் ஒதுங்கினார்கள். கருப்பண்ணன் பரிசலைக் கவிழ்த்து, ஓரத்தில் கல்லை முட்டுக்கொடுத்து, அம்சவேணியை உள்ளே உட்காரச் சொன்னான்.

உள்ளே இருட்டு. பரிசலின் ஊறிய தோல் நாற்றம். மேலே மழை தடதடவென்று… யாரோ குனிந்து வந்து ஒட்டி உட்கார்ந்தார்கள். அவர்தான். சாய்ந்துகொண்டாள். சேலை நனைகிற ஈரம். ஆனால் தோள் கொதித்தது.

"காச்சலுங்களா?"

ஒரு கை அவள் கழுத்துக்கு வந்தது. தாலிக்கயிற்றைத் தடவிக்கொண்டே போனது. ஒவ்வொரு குண்டாக. எதையோ தேடியது. மறுபடி முதலிலிருந்து தேடியது…

மழை விட்டது. பரிசலைத் தூக்கினார்கள். கருப்பண்ணன் ஒரு பக்கம். மறுபக்கம் அர்த்தனாரி.

"உனக்கு எடம் பத்தாதுன்னு நாங்க மரத்தடியில நின்னுக்கிட்டோம், கண்ணு," என்றார்.

பரிசலில் ஏறினார்கள். அவர் எதிரே உட்கார்ந்தார். நடு ஆற்றில் அவருக்கு உடம்பு உதறத் தொடங்கியது. எட்டி நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. அதே சூடு.

பரிசல் இப்போது அவர் பக்கம் சாய்ந்திருந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா… பொட்டு கட்டிக்கறனுங்க. எம்பக்கமே வந்து உக்காந்துக்குங்க."