முத்திரை விழுந்தால் விழுந்ததுதான்

நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. இந்த நேரத்துக்கு அந்த ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். போன தடவை வந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தீர்கள். நேரலை ஓடிக்கொண்டிருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். அந்த ஒலிப்பதிவுக் கருவிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை மடித்து வையுங்கள். மேசை கொஞ்சம் ஆடும்.

கேள்விகளுக்குப் போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். மற்ற வினாடி வினாக்களில் ஒரு பதிலைச் சொல்கிறார்கள், தலையைச் சொறிகிறார்கள், இன்னொன்றைச் சொல்கிறார்கள். உங்களுடையதில் அந்த வழவழா கொழகொழா கிடையாது. பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு அட்டைகள். சரியென்று படுகிற அட்டையில் போட்டியாளர் ரப்பர் முத்திரையைக் குத்த வேண்டும். அதற்கு முன் தொகுப்பாளர் மூன்று முறை "குத்திடலாமா?" என்று கேட்பார். குத்தியபின் யார் வந்து கெஞ்சினாலும் மாறாது. முப்பத்தாறு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். முத்திரையின் அருமை எனக்குத் தெரியும். முதல் நாள் பார்த்தவுடனே தம்பியிடம் சொன்னேன், யாரோ ஒழுங்கான ஆள் உட்கார்ந்து யோசித்த நிகழ்ச்சி இது என்று.

போட்டியாளர்களின் உறவினர்களில் விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நீங்களே சொன்னீர்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? திருத்தினீர்களா என்று தெரியவில்லை. போகட்டும்.

இருபத்து மூன்றாம் விதியைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். போட்டியாளர் ஒரே ஒரு முறை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம். நாற்பது விநாடி. பேசுகிற உறவினர் புத்தகம் பார்க்கக் கூடாது. பக்கத்தில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அது நீங்கள். "எனக்குத் தெரிந்ததை, தெரிந்தபடி சொல்வேன்" என்று படிவத்தில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை.

தம்பியை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒல்லியாக, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன். அவன் பார்த்து அனுப்பிய பேருந்து ஒரு நிமிடம் முன்னேயும் போனதில்லை, பின்னேயும் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பொது அறிவுப் புத்தகங்களைத் தலையணைபோல் அடுக்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படித்தான். நதிகளின் நீளம், எரிமலைகளின் வயது, எந்த நாட்டில் எந்த ராஜா எப்போது வழுக்கி விழுந்தான், எல்லாம் தலைகீழாகச் சொல்வான். சாப்பிடும்போதுகூடப் பயிற்சிதான். நான் கேள்வி கேட்பேன். அவன் பதில் சொல்லிவிட்டுக் கட்டைவிரலால் மேசையில் குத்துவான். இரண்டு கிழவர்கள் மேசையைக் குத்திக்கொண்டு சிரிப்போம். அந்த இரண்டு வருடம் இந்த வீட்டில் நல்ல கலகலப்பு.

பரிசுக்காக இல்லை அம்மா. பத்தாவது கேள்வியில் ஜெயித்தவருக்கு நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக. தனியாகக் கேமரா முன்னால் நிற்கலாம், என்ன வேண்டுமானாலும் பேசலாம், வெட்ட மாட்டீர்கள். சிலர் பாடினார்கள். ஒருவர் பழைய முதலாளியைத் திட்டினார், நான் ரசித்தேன். தம்பிக்கு அந்த நிமிடம் வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை குளியலறைக்குப் போகிற வழியில் அவன் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கையில் கடிகாரத்துடன் பேசிக்கொண்டிருந்தான்.

"பாப்பா, அப்பா பேசறேன். வீடு அதே வீடுதான், மாறல. அம்மா இப்போ இல்ல. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. அன்னிக்கும் இல்ல. எங்க இருந்தாலும் ஒரு வரி எழுதும்மா. நல்லா இருக்கேன்னு ஒரு வரி போதும்."

முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, "அம்பத்தெட்டு" என்றான். இரண்டு விநாடி மிச்சம். அதற்கு என்ன சேர்க்கலாம் என்று என்னிடமே வந்து கேட்டான். "வணக்கம்னு ஆரம்பி. ஊரே பாக்கும், மரியாதையா இருக்கணும்" என்றேன். சேர்த்துக்கொண்டான்.

பாப்பா அவன் மகள். ஒரே மகள். வீட்டுக்கே ஒரே பிள்ளை, ஏனென்றால் நான் மணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு நான் பார்த்து முடிவு செய்த இடம், நல்ல குடும்பம், வாக்குக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வர இருந்த அன்று காலையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டாள். வந்தவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொன்னவன் நான். இருபத்திரண்டு பேர், இரண்டு வண்டி. அவர்களில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "போஸ்ட்மாஸ்டர் வீட்டுலயே பார்சல் தொலைஞ்சு போச்சாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், இன்றைக்கு யோசித்தால். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை.

அந்த வாரமே தொலைபேசி எண்ணை மாற்றினேன். அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்க வேண்டாம் என்றேன். யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பெரியவன் சொன்னால் சொன்னதுதான். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆம், கடிதம் வந்தது. முதல் கடிதம் ஏழாவது வாரத்தில் வந்தது. நான் பணியில் இருந்தவரை எல்லாம் என் மேசைக்கே வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு வாசல் பெட்டியின் சாவியை நான் வைத்துக்கொண்டேன். மாதம் ஒன்று, தவறாமல், பதினாறு வருடமாக. அந்த ஒழுங்கு எங்கள் குடும்ப ரத்தம். கடல் கடந்து ஒரு மீன் காட்சிச்சாலையில் வேலை. கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் நாள் முழுக்க. அங்கேயே தொட்டி கழுவுகிற ஒருவனை மணந்துகொண்டாள். ஒரு பையன். அவனுக்கு முன்பல் விழுந்தது, நீச்சலில் மூன்றாவதாக வந்தது, கணக்கில் மக்கு என்பது எல்லாம் எனக்குத் தெரியும். மாதத்தின் இரண்டாவது வாரம் எனக்கு ஒரு எதிர்பார்ப்பே வந்துவிடும். காலைத் தேநீருடன் படிப்பேன். அவளுக்கு நல்ல நடை. பிழைகள் குறைவு. சந்திப்பிழை மட்டும் உண்டு. அவற்றைச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன்.

தம்பி மனைவி ஏழு வருடம் கேட்டாள். தபால்காரர் வந்துபோகிற நேரத்துக்குச் சமையலறையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "மாமா, ஏதாவது வந்துச்சா?" என்பாள்.

"இல்லம்மா."

"சரி மாமா."

அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நல்ல வளர்ப்பு. கடைசி வாரம், படுக்கையில் இருந்தபோதும் கேட்டாள். அன்றைக்கு என் சட்டைப் பையிலேயே ஒன்று இருந்தது. பையன் பிறந்த செய்தி. நோயாளிக்கு அதிர்ச்சி ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

நான் பதில் எழுதினேனா என்று கேட்கிறீர்கள். மூன்று முறை. வந்து பார்க்கட்டுமா என்று அவள் கேட்டபோது மட்டும். "இப்போது வேண்டாம். அப்பா." தம்பி எழுதுவதுபோல், தட்டச்சில். பொய்யாக அன்பு காட்டி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அந்தப் பத்தாவது கேள்விக்கு வருவோம். நீங்கள் இதே நாற்காலியில்தான் இருந்தீர்கள். தொலைபேசி அடித்தது. தம்பியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணா, பத்தாவதுக்கு வந்துட்டேண்ணா. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? ஒண்ணு, ரெண்டு, மூணு, எட்டு. எனக்கு என்னமோ மூணுன்னு மனசு சொல்லுது. குத்திடட்டுமா?"

எனக்குப் பதில் தெரியுமா என்று கேட்கிறீர்கள். அவள் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரே மாதிரிதான் முடிப்பாள். அவள் பார்த்துக்கொள்கிற ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், தனக்கும் அப்படித்தான், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று இங்கே வேலை செய்ய என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் கையெழுத்துக்கு மேலே "மூன்று இதயத்தோடு". நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை படித்திருக்கிறேன். உங்கள் பத்துக் கேள்விகளில் இவ்வளவு உறுதியாகத் தெரிந்த விடை எனக்கு வேறு இல்லை.

"ஒண்ணுதான்" என்றேன். "எல்லா உயிருக்கும் ஒண்ணுதான். குத்து."

நாற்பதில் பதினேழு விநாடி மிச்சம் இருந்தது. நீங்கள்தான் குறித்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெருமை. தொகுப்பாளர் அவனை விடவில்லை. "உங்க மனசு மூணுன்னு சொல்லுதுன்னீங்களே சார், குத்திடலாமா?" என்று நயமாகவே மூன்று முறை கேட்டார். அரங்கமே மூன்று, மூன்று என்று முணுமுணுத்தது. தம்பி முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணன் சொல்லிட்டாரே சார்" என்றான். ஒன்றில் குத்தினான். நாடே பார்க்க, ஒரு வளர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினான். அந்த ஒரு நிமிடத்தில் அவன் பேசியிருந்தால் ஊர் எங்கள் வீட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கும். இப்போது சிரிக்கிறார்கள். சிரிப்பு சீக்கிரம் மறந்துபோகும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டான். "உங்களுக்கு அவமானமாயிடுச்சேண்ணா. கடைக்காரன்கூடக் கிண்டல் பண்றான். நான் அந்தக் கேள்விய உங்ககிட்டக் கேட்டிருக்கவே கூடாது." தவறு யாருக்கும் வரும் என்று தேற்றினேன். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மறுநாள் அவன் புத்தகங்களையெல்லாம் கட்டி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டான். வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் மடியில் இருக்கிற அந்த உறையை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிகிறது. ஆனாலும் பாப்பா எழுதும் அந்த 'ழ'வின் வாலை யாரும் காட்டித்தர வேண்டாம். அவளும் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறாள் என்கிறீர்கள். தன் கடிதங்களைப் படித்து மூன்று முறை பதில் போட்ட அப்பாவுக்கு எப்படி அந்த விடை தெரியாமல் போனது என்று உங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். கூடவே தம்பிக்கென்று தனியாக ஒட்டிய உறை ஒன்றும் அனுப்பியிருக்கிறாள். புத்திசாலி. எங்கள் குடும்பம்.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். விடை எனக்குத் தெரியும். தெரிந்தே தவறாகச் சொன்னேன். பதினாறு வருடக் கடிதங்களும் என் கட்டிலுக்கு அடியில், இரும்புப் பெட்டியில், தேதி வாரியாகக் கட்டி இருக்கின்றன. ஒன்றுகூடக் கசங்கவில்லை. இருபத்து மூன்றாம் விதியை மீறியிருக்கிறேன். அதற்கான தண்டனை உங்கள் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். மற்றபடி என் பணிக்காலத்திலோ அதற்குப் பிறகோ என் கைக்கு வந்த ஒரு கடிதம்கூடத் தொலைந்ததில்லை. அந்தப் பெரியவர் இருந்தால் அவரிடமே சொல்வேன்.

வெளிக்கதவு சத்தம் கேட்கிறதா? தம்பிதான். காலை நடை முடிந்து சரியாக இந்த நேரத்துக்கு வருவான். எழுந்திருக்க வேண்டாம் அம்மா, தேநீரைக் குடியுங்கள். அந்த உறை அவன் பெயருக்குத்தானே. இப்படிக் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்.