தோட்டா செய்யப் போகிறவர்

மலேசியாவில், குளுவாங்கிலிருந்து ரெங்கம் போகும் பஸ். நான் ஒட்டுக்கேட்கவில்லை, முன் இருக்கையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தவரின் குரல் அப்படி.

“ஆஸ்திரேலியா போனதும் தம்பி வீட்டுல தோட்டா செய்யக் கத்துக்கப் போறேன். அவன்கிட்ட லைசன்ஸ் இருக்குலா. சுட்ட தோட்டாவோட காலிக் கூட்டுல மறுபடி வெடிமருந்து போட்டு, குண்டு வச்சு மூடணும். அவ்வளவுதான்.”

“ஆபத்து இல்லையாங்க?”

“ஞாபகம் இருந்தா போதும். போட்டதை மறந்துட்டு ரெண்டாந்தடவ போட்டா, துப்பாக்கியே வெடிச்சிரும்.”

அந்த அம்மாள் ஜன்னலோரச் செம்பனை மரங்களை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“காலையில பிரஷர் மாத்திர போட்டீங்களா?”

“போட்டேனே.” குரல் இறங்கியது. “அலமாக், ஐயையோ, போட்டேனா?”

“தம்பிகிட்ட மீன் பிடிக்கக் கத்துக்குங்க.”